மூன்று மணிக்கு மட்டும்

அன்ரன் றெஜினோல்டின் ஓட்டோ
மூன்றாம் தடவையும் தோற்றுப்போனது.
காபனோரொட்சைட்டு ஆறு வீதம் என்றது மெசின்.
"நேற்றுத்தான் காபரேற்றர் கழுவினது, தங்கச்சி.
வருத்தம் உங்கட பெட்டிக்குத்தான்."
பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு
எப்போதும் மூன்று மணிக்கே வருகிறவர்.
காலையில் வந்த ஒன்பதும் பாஸ்.

மாங்குளம் சந்தி, தகரக் கொட்டகை.
கேற்றைச் சாத்தினேன்.
பெட்டி மூடிக்கு நாலு திருகாணி;
ஒன்று எப்போதோ தொலைந்தது.

உள்ளே ஒரு கம்பிச்சுருள்
சிவப்புக்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் கனன்றபடி.
முன்னால் சுழலும் சில்லு: துளை, தகடு, துளை, தகடு.
பிறகு குழாய், அதற்குள் அன்ரனின் புகை.
மறுமுனையில் ஒரு வடி,
அந்த வாயு குடிக்கிற நிறத்தை மட்டும் விடுவது.
கடைசியில் உணரி.
புகை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.
வரவேண்டியதில் எவ்வளவு வரவில்லை,
அது மட்டும் தெரியும்.

வருவதும் சொற்பம், மைக்ரோவோல்ற்றுக் கணக்கு.
தகரத்தின் வெக்கை, என் உள்ளங்கை,
வீதியால் போகிற மணல் லொறி
எல்லாம் அதைவிடச் சத்தமாகப் பேசும்.
ஆகவே சுற்றிடம் ஒரு தந்திரம்:
துளை வந்தால் கூட்டு,
தகடு வந்தால் கழி.
வெக்கை துளையிலும் இருக்கும், தகட்டிலும் இருக்கும்;
கூட்டிக் கழிக்க இல்லாமற் போகும்.
சில்லோடு சேர்ந்து துடிப்பது மாத்திரம் மிஞ்சும்.
அதை விரியலாக்கி, இலக்கமாக்கி,
விரல் நகமளவு சிப்புக்குள் மடக்கை எடுத்து,
விடியச் சுத்தக் காற்றில் பிடித்துவைத்த
பூச்சியத்தோடு ஒப்பிட்டு,
திரையில் ஆறு என்று சொல்லும்.

துளை வந்ததை அதற்கு யார் சொல்வது?
சில்லின் விளிம்பில் ஒரு குட்டி விளக்கு,
எதிரே ஒரு குட்டிக் கண்.

முகமாலையில் ஏழு வருசம்
முழங்காலில் நின்று மண்ணைக் கேட்டவள் நான்.
அந்தக் கருவிக்கும் முதலில்
வெறும் மண்ணைக் காட்டவேண்டும்,
இதுதான் ஒன்றுமில்லை என்று.
"பூச்சியம் பிழைச்சால்" என்று தொடங்குவாள் யோகமலர்,
கையுறையைக் கழற்றிக்கொண்டே.
அந்த வசனத்தை அவள் ஒருநாளும் முடித்ததில்லை.

மல்ற்றிமீற்றர் வயரை வெளியே இழுத்துவிட்டு
மூடியைத் திரும்பப் பூட்டிக் காத்திருந்தேன்.
இரண்டு ஐம்பது. எல்லாம் சரி.
மூன்று எட்டு.
துணுக்காய்ப் பக்கத்து வெயில்
தகரத்தின் பழைய ஓட்டையால் இறங்கி,
திருகாணி தொலைந்த துளையால் நுழைந்து,
நேரே அந்தக் குட்டிக் கண்ணில்.

கூசிப்போய், தகடு வந்தாலும் துளை என்றது கண்.
கழிக்கவேண்டியதையும் கூட்டியது சுற்று.
துடிப்பு ஒன்றையொன்று தின்றது.
ஒளி பாதிகூட வரவில்லை என்று மெசின் நம்பி
மீதியை அன்ரனின் பேரில் எழுதியது.

இரண்டு அங்குலம் கறுப்பு ரேப்.

மறுநாள் அதே மூன்று மணிக்கு
இரண்டு தசம் ஒன்று. பாஸ்.
"என்ன பழுது?"
"வெயில்."
அவர் என்னைப் பார்த்தார்,
வானத்தைப் பார்த்தார்,
றசீதை மடித்து சேட்டுப் பையில் வைத்தார்.
நம்பவில்லை.

கொட்டகையைப் பூட்டமுதல் பதிவேட்டைப் புரட்டினேன்.
பங்குனி தொடங்கி மூன்று மணிக்குப் பிறகு
தோற்ற வண்டிகள் பத்தொன்பது.
ஒவ்வொரு நம்பராக அடித்தேன்:
திரும்ப வாங்கோ, காசு வேண்டாம்.
ஒருவர் ஏசினார். ஒருவர் ஓட்டோவை விற்றுவிட்டாராம்,
புகைதான் காரணமாம்.
மூன்று இலக்கங்கள் பாவனையில் இல்லை.

அந்த மூன்றையும் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் எழுதிவைத்தேன்.